விடவும் தெரிய வேண்டும்

பிள்ளை வளர்ப்பைப் பற்றி இருபது ஆண்டுகளாகப் பேசி வருபவன் நான். மத்ரஸாவில் பேசியிருக்கிறேன், பெற்றோர் கூட்டங்களில் பேசியிருக்கிறேன், நிக்காஹ் மஜ்லிஸ்களில் மணமக்களுக்கு முன்கூட்டியே புத்திமதி சொல்லியிருக்கிறேன். பேசியவை யாவும் கிதாபுகளில் கற்றவை. பிழையென்று சொல்ல அவற்றில் ஒன்றுமில்லை. ஆயினும் என் சொந்த மகன் விஷயத்தில் எனக்குப் பாடம் புகட்டியது ஒரு தூண்டில் நரம்பு. இதைச் சொல்லச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. என்றாலும், என்னைப் போன்ற தகப்பன்மார் இந்த இதழை வாசிக்கும் வீடுகளிலும் இருக்கக்கூடும் என்பதால் எழுதத் துணிந்தேன். இதில் மீன் பிடிக்கும் விவரமும் உண்டு; பிள்ளையின் மனத்தைப் பிடிக்கும் விவரமும் உண்டு. இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

ஓசை அடங்கிய பிள்ளை

என் மகனுக்கு அப்போது பதினோரு வயது. எங்கள் மத்ரஸாவிலேயே ஹிப்ழு வகுப்பில் ஓதிக்கொண்டிருந்தான். வகுப்பில் நான் அவனுக்கு உஸ்தாத், வீட்டில் வாப்பா. இவ்விரு பொறுப்புகளும் ஒரே ஆளிடம் இருப்பது பிள்ளைக்கு எவ்வளவு பெரிய பாரம் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. மற்றப் பிள்ளைகள் வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவனுக்கோ வீட்டிலும் வகுப்புத்தான். சோற்றுத் தட்டின் முன்னாலும் அன்றைய பாடத்தைப் பற்றியே கேட்பேன்.

ஒரு நாள், ஒரே ஆயத்தில், ஒரே இடத்தில், மூன்றாம் முறையாகத் தடுமாறினான். முப்பது மாணவர்கள் பார்த்திருக்க அவன் உள்ளங்கையில் அளவுகோலால் அடித்தேன். மகனென்று சலுகை காட்டுவதாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற நினைப்பும் அந்த அடியில் சேர்ந்திருந்தது. அவன் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று முதல் என் முன்னால் ஓத உட்கார்ந்தால் உதடுகள் அசையும், ஓசை வராது. அதட்டினால் அந்த அசைவும் நின்றுவிடும்.

"பிள்ளை உங்களைக் கண்டாலே ஒடுங்கிப் போறான்" என்று அவன் உம்மா பலமுறை சொன்னார். "அது அடம்" என்று நான் பதில் சொன்னேன். இப்படியே நான்கு மாதங்கள் கழிந்தன.

அந்நிலையில்தான் என் மச்சான், அதாவது பையனின் தாய்மாமன், துபாயிலிருந்து விடுமுறையில் வந்தார். பெட்டியில் மருமகனுக்கு இனிப்போ உடுப்போ இல்லை. இரண்டாகக் கழற்றி மாட்டும் ஒரு தூண்டில் கோலும், சுழற்றும் ரீலும், சிறிய மீன்களைப் போலவே வண்ணம் தீட்டிய செயற்கை இரைகள் அடங்கிய ஒரு பெட்டியும் இருந்தன. ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு மாமாவும் மருமகனும் ஆற்றங்கரைக்குப் புறப்பட்டார்கள். ஓத வேண்டிய பிள்ளையை வீண் விளையாட்டில் இழுத்துவிடுவதாக நான் முணுமுணுத்தேன். மச்சான் என்னை எதிர்த்து வாதாடவில்லை. "மச்சான், பிள்ளை ஆத்தங்கரையிலே எவ்வளவு பேசுறான் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. என் வீட்டில் நான்கு மாதங்களாக ஊமைபோல் இருந்தவன் ஆற்றங்கரையில் பேசுகிறானாம்!

விடுமுறை முடிந்து மச்சான் பயணம் சொல்லிப் புறப்படும்போது அந்தக் கோலை என் கையில் கொடுத்தார். "வெள்ளிக்கிழமை மத்ரஸா லீவுதானே? நீங்க கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார்.

பாஸ் என்பதும் கொடுவா என்பதும்

எங்கள் ஊர் முத்துப்பேட்டை. காவிரியின் கடைசிக் கிளைகளாகிய பாமணியாறும் கோரையாறும் இன்னும் சில ஆறுகளும் இங்கே காயலில் கலந்து, பாக் நீரிணையைச் சேர்கின்றன. அந்தச் சதுப்பு முழுவதும் அலையாத்திக் காடு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல் அந்தக் காட்டைச் சின்னாபின்னமாக்கியதை எங்கள் பகுதியார் யாரும் மறக்கமாட்டார்கள். காப்புக் காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றிப் போகக் கூடாது. நாங்கள் போவது காட்டுக்கு வெளியே, ஊரை ஒட்டிய ஆற்றுக் கரைக்கு.

கோலின் மேல் ஆங்கிலத்தில் 'பாஸ்' என்று எழுதியிருந்தது. அது என்னவென்று மகனிடமே கேட்டேன். மாமா சொன்னதையெல்லாம் அவன் ஒப்பித்தான். எனக்கு முன்னால் அவன் தடையின்றி நான்கு வாக்கியங்கள் பேசி வெகு நாளாகியிருந்தது.

பாஸ் என்பது அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் மீன். வாய் பெரிதாக இருக்கும் இனத்தைப் பிடிப்பது அந்நாட்டில் பெரும் பொழுதுபோக்கு. அங்கே தகப்பன் பிள்ளைக்குத் தூண்டில் பிடிக்கச் சொல்லித் தருவது, நம் ஊரில் நீச்சல் சொல்லித் தருவதைப் போன்றது. 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஒருவர் பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடை இருந்தது. அந்தச் சாதனைக்குச் சமமான மீன் 2009இல்தான், அதுவும் ஜப்பானின் பிவா ஏரியில், கிடைத்தது. நம் கொடுவா மீனை ஆங்கிலத்தில் ஆசியக் கடல் பாஸ் என்பார்கள். குடும்பத்தால் இரண்டும் வேறு, குணத்தால் நெருங்கியவை. இரண்டுமே துரத்தி அலைவதைவிட மறைந்திருந்து பாய்வதையே விரும்பும். ஆகவே பாஸ் மீனுக்கென்று செய்த கருவி கொடுவாவுக்கும் பொருந்துகிறது.

கொடுவா நம் கடலோர வீடுகளுக்குப் புதிதல்ல. கேரளத்தில் இதைக் காளாஞ்சி என்பார்கள், வங்காளத்தில் பேட்கி, ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி. உப்பு நீரிலும் வாழும், நன்னீரிலும் வாழும். முட்டையிடுவதற்கு மட்டும் கடலை ஒட்டிய உப்பு நீரை நாடும். குஞ்சுகள் காயலிலும் ஆற்று முகத்திலும் வளரும். இறைவனின் படைப்பில் இன்னொரு விந்தையும் இதில் உண்டு: பெரும்பாலான கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுகிறது. ஆகவே பெருத்த கொடுவா அநேகமாகத் தாய் மீனாகவே இருக்கும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் 1997இல் இதைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யவைப்பதில் வெற்றி கண்டார்கள். இன்று சந்தைக்கு வரும் கொடுவாவில் பண்ணையில் வளர்ந்ததும் உண்டு.

மகன் உஸ்தாதானான்

சிறு வயதில் நானும் மூங்கில் கழியில் தூண்டில் போட்டவன்தான். எனவே எனக்குத் தெரியும் என்ற மிதப்பில் போனேன். அன்று ஒரே மாலையில் மூன்று பிழைகள் செய்தேன்.

முதற்பிழை முடிச்சில். முள்ளின் காதில் நரம்பைக் கோத்து, ஐந்தாறு முறை முறுக்கி, நுனியை அடிவளையத்தில் நுழைத்து, சரேலென்று இறுக்கினேன். இழுத்துப் பார்த்தபோது முடிச்சு அறுந்துவிட்டது. நைலான் நரம்பை உலர்ந்தபடியே வேகமாக இறுக்கினால் உராய்வுச் சூட்டில் அது பலமிழந்துவிடும். எச்சிலால் நனைத்து, மெல்ல இறுக்க வேண்டும். இது எனக்குத் தெரியாது, மகனுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாம் பிழை வீச்சில். பலமாக வீசினால் தூரம் போகும் என்று எண்ணி வீசினேன். இரை எதிர்க்கரையின் அலையாத்திக் கிளையில் போய் மாட்டிக்கொண்டது. வீச்சுக்கு வேண்டியது கைப்பலமல்ல. கோல் வளைந்து நிமிரும் பலமே இரையைக் கொண்டுசெல்லும். விரலை நரம்பிலிருந்து எடுக்கும் நேரம் தப்பாமல் இருந்தால் போதும்.

மூன்றாம் பிழைதான் பெரியது. ரீலில் ஒரு திருகு உண்டு, டிராக் என்பார்கள். அதைத் தளர்த்தினால் மீன் இழுக்கும்போது நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகும், இறுக்கினால் போகாது. நரம்பு தாங்கும் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் அதை வைக்க வேண்டும். 10 கிலோ தாங்கும் நரம்பென்றால் இரண்டரையிலிருந்து 3 கிலோ இழுப்பில் நரம்பு நகர வேண்டும். வீட்டிலேயே கொக்கித் தராசை மாட்டி இழுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். மச்சான் அப்படித்தான் வைத்துக் கொடுத்திருந்தார். எனக்கோ அது தளர்ச்சியாகத் தோன்றியது. "இப்படி விட்டா மீன் ஓடிப் போயிடுமே" என்று சொல்லித் திருகை முழுவதும் இறுக்கினேன்.

"வேணாம் வாப்பா" என்றான் மகன். நான் கேட்கவில்லை.

மஃரிபுக்குச் சற்று முன்பு, கஜாவில் விழுந்து நீரில் கிடக்கும் ஒரு மரத்தின் அருகே இரையை எடுத்தது ஒரு கொடுவா. கோல் வில்லாக வளைந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய மீன் என் தூண்டிலில் பட்டதில்லை. விடக் கூடாது என்று பற்களைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். ஒரு நொடிதான். 'டப்' என்ற ஓசையுடன் நரம்பு அறுந்தது. செயற்கை இரையும் முள்ளும் மீனின் வாயோடு போய்விட்டன. அது மச்சான் கொடுத்துவிட்டுப் போனவற்றிலேயே விலையுயர்ந்த இரை.

நான் மகனின் முகத்தைப் பார்க்கத் தயங்கினேன். அவன் சொன்னபோதே கேட்டிருக்கலாம். நான் மூன்று முறை பிழைசெய்தபோதும் அவனுக்கு என்னைக் கடிந்துகொள்ள நியாயம் இருந்தது. அவனோ குனிந்து பெட்டியைத் திறந்தான்.

"பரவால்ல வாப்பா. முதல்லே எல்லாருக்கும் இப்படித்தான் அறும். எனக்கும் அறுந்துச்சு. நான் வேற கட்டித் தர்றேன்."

நரம்பை வாயில் வைத்து நனைத்து, நிதானமாக முடிச்சை இறுக்கினான். நான் அடித்த அதே கை.

நபி (ஸல்) அவர்களுக்குப் பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட 'ஏன் இப்படிச் செய்தாய்' என்று தாம் கடிந்துகொள்ளப்பட்டதில்லை என்று அறிவித்ததை நான் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். அந்த அறிவிப்பின் பொருளை ஆற்றங்கரையில் என் மகனின் கையில்தான் கண்டேன்.

திரும்பி வரும் வழியில், "அன்னைக்கு வகுப்பிலே வாப்பா உன்னை அடிச்சது தப்பு" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. கோலைத் தோளில் சாய்த்தபடி நடந்துகொண்டே இருந்தான். வெகுதூரம் வந்தபின், "வீட்டுக்குப் போனதும் ரீலை நல்ல தண்ணியிலே கழுவணும் வாப்பா. உப்பு அரிச்சிடும்" என்றான். இருவரும் கிணற்றடியில் உட்கார்ந்து கழுவினோம்.

பெற்றோருக்குச் சில குறிப்புகள்

அதன்பின் வெள்ளிதோறும் போனோம். நாங்கள் கற்றுக்கொண்டவற்றைப் பிள்ளைகளோடு போக நினைப்பவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

பிள்ளையின் கைக்கு அடங்கிய கோலைக் கொடுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு ஐந்தடி, ஆறடிக் கோல் போதும். பெரியவர்களுக்கு ஏழடி. கொடுவாவின் செவுள் மூடியின் விளிம்பு கத்தி போன்றது. மெல்லிய நரம்பைச் சீவிவிடும். ஆகவே 8 முதல் 10 கிலோ தாங்கும் நரம்பின் முனையில், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு 18 கிலோ தாங்கும் தடித்த நரம்பை இணைத்து, அதில் முள்ளைக் கட்ட வேண்டும். அதே காரணத்தால் பிடித்த மீனின் செவுளுக்குள் விரலை விடவே கூடாது.

முள்ளின் எண்கள் புதியவர்களைக் குழப்பும். வெறும் எண்ணாக இருந்தால் எண் கூடக் கூட முள் சிறியதாகும். எட்டாம் எண் முள் சிறு கெண்டைக்கு உரியது. எண்ணுக்குப் பின் பூஜ்யம் இட்ட வரிசையில் எண் கூடக் கூட முள் பெரியதாகும். கொடுவாவுக்கு 3/0 முதல் 5/0 வரை பொருந்தும்.

இடம் பார்ப்பதுதான் பாதி வித்தை. கொடுவா நீரோட்டத்தை எதிர்நோக்கி, பாலத்தின் தூண், விழுந்த மரம், மதகின் நிழல் இவற்றின் ஓரத்தில் காத்திருக்கும். நீர் வற்றத் தொடங்கும் நேரத்தில் சதுப்பிலிருந்து சிறு வாய்க்கால்கள் வழியாக இறாலும் சிறு மீனும் ஆற்றுக்கு இறங்கும். அந்த வாய்க்கால் வாய்களில் கொடுவா நிற்கும். இரையை அதன் மேல் எறியாதீர்கள். அதற்கு மேல்புறமாக எறிந்து, ஓட்டம் அதன் முன்னால் கொண்டுவந்து சேர்க்கும்படி விடுங்கள். செயற்கை இரையை ஒரே சீராகச் சுற்றி இழுப்பதில் பயனில்லை. இரண்டு சுற்று, ஒரு சிறு வெட்டு, பிறகு நிறுத்தம். பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் மீன் பாயும்.

கொடுவா தூண்டிலில் பட்டதும் நீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும். அப்போது புதியவர் எவரும் கோலை உயர்த்தி இழுக்கவே முற்படுவார். அதுதான் பிழை. இறுகிய நரம்பில் உதறினால் முள் கழன்றுவிடும், அல்லது நரம்பு அறுந்துவிடும். மீன் துள்ளும் கணத்தில் கோலின் நுனியைத் தாழ்த்த வேண்டும். அது மீண்டும் நீரில் விழுந்ததும் உயர்த்த வேண்டும். அது ஓடும்போது விட்டு, ஓய்ந்தபோது சுற்ற வேண்டும். முழுக்கத் தொய்யவும் விடக் கூடாது.

பாதுகாப்பில் கவனக்குறைவு ஆகாது. நீச்சல் தெரிந்த பிள்ளையானாலும் மிதவைச் சட்டை அணிவியுங்கள். சேற்றில் சறுக்கினால் நீச்சல் உதவாது. வீசுமுன் பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்துங்கள். தொப்பியும் கண்ணாடியும் முள்ளிலிருந்து கண்ணைக் காக்கும். சிப்பி ஓட்டுக்கும் கெளுத்தி முள்ளுக்கும் அஞ்சி, காலில் செருப்பல்ல, மூடிய காலணி வேண்டும். முள்ளின் எதிர்முனையைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். கையில் ஏறினாலும் எளிதில் வரும், மீனுக்கும் காயம் குறையும். ஆழமாக ஏறிய முள்ளை நீங்களே பிடுங்காமல் மருத்துவரிடம் போங்கள். அறுந்த நரம்பு ஓர் அங்குலமும் கரையில் கிடக்கக் கூடாது. எங்கள் காயலுக்குக் குளிர்காலத்தில் வெகுதொலைவிலிருந்து பறவைகள் வருகின்றன. அவற்றின் காலில் அந்த நரம்பு சுற்றிக்கொண்டால் மீட்பாரில்லை.

எனக்குள் ஒரு கேள்வியும் இருந்தது. நீரில் வேட்டையாடுவதும் அதை உண்பதும் நமக்கு ஆகுமாக்கப்பட்டவை. ஆனால் உயிருள்ள ஒன்றைக் கட்டிவைத்து அம்பெய்யும் இலக்காக்கி விளையாடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். மீனை வதைப்பது விளையாட்டாகிவிடக் கூடாது. ஆகவே வாப்பாவும் மகனுமாக மூன்று முடிவுகள் செய்தோம். உயிருள்ள இறாலை முள்ளில் குத்துவதில்லை. செயற்கை இரை, அல்லது சந்தையில் வாங்கிய இறால். வீட்டுக்கு ஒரு மீன் கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுவது. அதையும் தலையில் ஒரே அடியாக அடித்து உடனே உயிர் பிரியச் செய்வது. மூன்றாவது, இரண்டடிக்குக் குறைந்த கொடுவாவையும் மிகப் பெரிய கொடுவாவையும் நீரிலேயே விடுவது. சிறியது இன்னும் வளர வேண்டியது, பெரியது தாய். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இந்த மீனுக்கு 58 சென்டிமீட்டர் என்ற கீழ் எல்லையும் 120 சென்டிமீட்டர் என்ற மேல் எல்லையும் சட்டமாகவே உள்ளன. எங்களுக்கு எங்கள் வாக்கே சட்டம்.

அந்த வெள்ளிக்கிழமை

வடகிழக்குப் பருவமழை நின்று, ஆற்று நீர் தெளியத் தொடங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. கோல் மகனின் கையில். அதே விழுந்த மரத்தருகே மீன் பாய்ந்தது. ஆகாயத்தில் வெள்ளியாகத் துள்ளியபோது, யாரும் சொல்லாமலே அவன் கோலைத் தாழ்த்தினான். ஓட விட்டான், சுற்றினான், மறுபடி விட்டான். நான் பக்கத்தில் நின்றேன். 'இழு' என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

மீன் கரைக்கு வந்ததும் ஈரத்துணியில் வைத்து அளந்தோம். 54 சென்டிமீட்டர். இரண்டடிக்கு ஏழு சென்டிமீட்டர் குறைவு. எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் வெறுங்கையோடு திரும்பிய எங்களுக்குக் கிடைத்த முதல் கொடுவா அது. வீட்டில் அவன் உம்மா மசாலா அரைத்து வைத்திருப்பார். உள்ளதைச் சொல்வதானால், கொண்டுபோய்விடலாம் என்றே என் மனம் சொல்லியது. ஏழு சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது? மகன் என் முகத்தைப் பார்த்தான். "சொன்னது சொன்னதுதானே வாப்பா?" என்றான்.

இருவருமாக அதை நீரோட்டத்தை நோக்கிப் பிடித்தோம். செவுள் மெல்ல அசைந்தது. வாலை ஒருமுறை வீசிவிட்டு அது போனது. போன திசையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மஃரிபுக்கு நேரமிருந்தது. அவன் கரையில் உட்கார்ந்து, நான் கேட்காமலே, கஹ்ஃபு ஸூராவை ஓதத் தொடங்கினான். வெள்ளிதோறும் வீட்டில் ஓதக் கேட்டுக் கேட்டே அதில் பெரும்பகுதி அவனுக்கு மனப்பாடம். மூஸா (அலை) அவர்கள் தம்முடன் ஓர் இளைஞரை அழைத்துக்கொண்டு இரு கடல்கள் சந்திக்கும் இடம் தேடிப் பயணம் போன வரலாற்றுக்கு வந்தான். உணவுக்கென்று கொண்டுவந்த மீன் நீரில் நழுவிப் போய்விட, அது போன இடமே தேடி வந்த இடம் என்று அவர்கள் அறிந்துகொண்ட வரலாறு அது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் கரையில், கைக்கு வந்த மீனை விட்டுவிட்டு, அதை என் மகன் ஓத நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓசை தெளிவாக இருந்தது.

ஓர் இடத்தில் தடுமாறினான். என் உதடு திறந்தது, மூடிக்கொண்டேன். அவன் ஒரு கணம் நிறுத்தினான். பின்னால் போய், அந்த ஆயத்தை முதலிலிருந்து ஓதி, தானே சரிசெய்துகொண்டு மேலே போனான்.

அந்த வாரமே அவனை வேறோர் உஸ்தாதின் வகுப்புக்கு மாற்றினேன். இப்போது நான் அவனுக்கு வாப்பா மட்டும்தான். என் வகுப்பில் அளவுகோல் கோடு போடுவதற்கு மட்டுமே இருக்கிறது. ஆண்டுகள் பலவாக என் கையில் அடிவாங்கிய பிள்ளைகளை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. அவர்களில் எத்தனை பேரின் ஓசையை அடக்கினேனோ, அல்லாஹ்வே அறிவான். கண்ணில் படுகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டு வருகிறேன்.

மகன் எட்டாவது ஜுஸ்உவில் இருக்கிறான். அவனோடு சேர்ந்தவர்களில் சிலர் அவனைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டார்கள். அதைப் பற்றி நான் கேட்பதில்லை. அவனே சில நாட்களில் சாப்பிடும்போது, "இன்னைக்குப் புதுப் பாடம் கொடுத்தேன் வாப்பா" என்று சொல்வான். இன்ஷா அல்லாஹ், அவன் காலத்தில் அவன் முடிப்பான்.

பெற்றோர்களே! உங்கள் ஊரில் ஆறு இருக்கலாம், குளம் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். வாரத்தில் ஒரு மாலை, பிள்ளை உங்களுக்குச் சொல்லித் தரக்கூடிய ஏதேனும் ஒன்றில் அவனிடம் மாணவராக உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் பிழைசெய்யும்போது அவன் உங்களை எப்படி நடத்துகிறான் என்று கவனியுங்கள்.

நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாகவும், நம்மை அவர்களுக்கு அச்சமாக அன்றி அடைக்கலமாகவும் வல்ல ரஹ்மான் ஆக்கியருள்வானாக! ஆமீன்.